வெள்ளிக்கிழமைத் தாளின் கடைசி வரி

ஓய்வூதியக் கடிதம் ஒன்றுக்குப் பிரதி எடுப்பதற்காக மானிப்பாயில் வழக்கமாகப் போகும் போட்டோக் கொப்பிக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் இயந்திரத்தின் மூடியைத் திறந்தவர், கடிதத்தை உள்ளே வைக்காமல் என்னைப் பார்த்தார்.

"சேர், உங்களுக்குச் சொன்னவையோ? வெள்ளிக்கிழமை ரீச்சர் மோசம் போயிட்டாவாம். காலமை நெஞ்சு நோகுது எண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவையாம். போற வழியிலையே..."

அவர் முழுப்பெயர் சொல்லவில்லை. எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை ரீச்சர் என்றால் ஒருவர்தான். திருமதி யோகராணி. எங்கள் பாடசாலையில் இருபது வருடங்களுக்கு மேல் ஆறாம் வகுப்பின் வகுப்பாசிரியராகவும் கணித ஆசிரியராகவும் இருந்தவர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தக் கடைக்கு ஒரு அரைத்தாளோடு போய், வகுப்பிலுள்ள பிள்ளைகளின் எண்ணிக்கைக்குப் பிரதி எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வருவார். ஒரு பிரதி கூடினாலோ குறைந்தாலோ கடைக்காரர் பாடு திண்டாட்டம்தான்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அவருடைய தங்கை என்னைக் கேட்டார். நான் அவருடன் வேலை செய்த பிரதி அதிபர், பாடசாலையில் அதிபருக்கு அடுத்த ஆள். அவருடன் அதிகம் சண்டை பிடித்த ஆளும் நான்தான். அந்த இரண்டாவது தகுதியை வைத்தே இதை எழுதுகிறேன். அவரை அறிந்த உங்களுக்கு அவர் நல்லவர் என்று நான் சொல்லத் தேவையில்லை. நான் சொல்ல வேண்டியது வேறு.

ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை நம்முடைய தாய்தகப்பன்மார் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பாடசாலை வாசலில் சைக்கிளோடும் ஸ்கூட்டியோடும் நிற்பார்கள். பிள்ளையை விட அவர்களுக்குத்தான் பாடத்திட்டம் மனப்பாடம். பரீட்சை முடிவு வந்து, வெட்டுப்புள்ளி தாண்டியதா இல்லையா என்ற கதையும் ஓய்ந்த பிறகு, அதே ஆட்களை ஆறாம் வகுப்பில் தேடினாலும் காணக்கிடைக்காது. பிள்ளையை ரியூசனுக்குச் சேர்த்துவிட்டால் கடமை முடிந்தது. தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்துப் போடத் தவணைக்கு ஒரு தரம் வருவார்கள். அதற்கும் சிலர் பெரியம்மாவை அனுப்புவார்கள்.

யோகராணி ரீச்சருக்கு இது பிடிக்கவில்லை. அதற்காக அவர் கூட்டம் கூட்டவில்லை, பேச்சுப் பேசவில்லை. ஒரு அரைத்தாள் எழுதினார். அந்த வாரம் ஆறாம் வகுப்பில் என்ன படித்தார்கள் என்று பாடம் பாடமாகச் சில வரிகள். அதன் கீழே, வீட்டில் பிள்ளையோடு சேர்ந்து செய்ய ஒரு சின்ன வேலை. எல்லாவற்றுக்கும் அடியில், தன்னைப் பற்றி அவர் எழுதும் ஒற்றை வரி. உதாரணத்துக்கு ஒன்று: "பின்னங்களைக் கூட்டும் முறையை அவசரமாகச் சொல்லிவிட்டேன், பாதிப் பேருக்கு விளங்கவில்லை, திங்கட்கிழமை திரும்பச் சொல்லுவேன்." அந்தத் தாளில் யாருடைய புள்ளியும் இருக்காது. யாரைப் பற்றிய முறைப்பாடும் இருக்காது. ஒரு முறை, பெடியள் யன்னல் கண்ணாடியை உடைத்ததையும் அதிலே போடச் சொல்லி ஒரு ஆசிரியர் கேட்டார். "உது பொலிசுக்கு எழுதுற கடிதம் இல்லை" என்று ரீச்சர் சொல்லிவிட்டார்.

புள்ளி ஏன் போடுவதில்லை என்று நானும் கேட்டிருக்கிறேன். அவர் சொன்ன பதிலை நான் பிறகு எத்தனையோ கூட்டங்களில் என் சொந்தச் சரக்குப் போல் எடுத்துவிட்டிருக்கிறேன். இன்று உரியவரிடம் திருப்பிக் கொடுக்கிறேன். "புள்ளியைச் சொன்னால் தாய்தகப்பன் பிள்ளையைப் பாப்பினம் சேர். படிச்சதைச் சொன்னால் பிள்ளையோடை கதைப்பினம்."

எங்களுக்கு அந்தத் தாள் ஒரு கரைச்சல்தான். கணிதம் மட்டுமே அவருடைய பாடம். மற்றப் பாடங்களில் என்ன நடந்தது என்று எங்களிடம் கேட்டுத்தானே எழுத வேண்டும்? வியாழக்கிழமை பின்னேரம் ஆசிரியர் ஓய்வறையில் ஒவ்வொருவராகப் பிடிப்பார். நான் ஆறாம் வகுப்புக்கு விஞ்ஞானம் எடுத்தேன். பிரதி அதிபர் வேலையோடு அந்தப் பாடத்தையும் இழுத்துக்கொண்டிருந்தவன், உண்மையைச் சொன்னால், பல நாள் புத்தகத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லிவிட்டுக் காரியாலயத்துக்குப் போய்விடுவேன்.

"இந்தக் கிழமை என்ன சேர் படிப்பிச்சனீங்கள்?"

"புத்தகத்திலை இருக்கிறதுதான் ரீச்சர்."

"புத்தகம் அவையிட்டையும் இருக்கு. நீங்கள் படிப்பிச்சதைச் சொல்லுங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 'எங்கள் வாராந்தரியின் ஆசிரியர் வருகிறா' என்று அவர் காதில் விழவே நக்கலடிப்பேன். ஆனாலும் வியாழக்கிழமை பிடிபடப் போகிறோம் என்ற பயத்தில் புதன்கிழமையாவது ஒழுங்காகப் படிப்பித்தேன். நான் மட்டுமல்ல, தமிழ் ரீச்சரும் வரலாற்று ஆசிரியரும் அப்படித்தான். நாங்கள் ஒருவருக்கொருவர் இதை ஒப்புக்கொண்டதில்லை.

இல்லங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டிக்காகப் பிள்ளைகளை ஒரு வாரம் முழுக்க மைதானத்தில் வைத்திருந்தோம். அந்த வெள்ளிக்கிழமைத் தாளில் இருந்தது இரண்டே வரி: "இந்த வாரம் விளையாட்டுப் போட்டிப் பயிற்சி. வகுப்பில் ஒன்றும் படிக்கவில்லை." அதிபர் தாளைப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நான் ரீச்சரைக் கூப்பிட்டேன். "பொய்யோ சேர்?" என்று கேட்டுவிட்டு அவர் வகுப்புக்குப் போய்விட்டார். பொய் இல்லை. அடுத்த வருடம் பயிற்சியைப் பின்னேரத்துக்கு மாற்றினோம்.

இனி வேலிக் கதைக்கு வருகிறேன். ஊரில் பலருக்கு இது அரைகுறையாகத் தெரியும். சம்பந்தப்பட்டவர்கள் இருவரும் இப்போதும் ஊரில் இருப்பதால் பெயர் சொல்லவில்லை.

அந்த வாரம் கணிதத்தில் சுற்றளவு. தாளில் வீட்டு வேலையாக ரீச்சர் எழுதியது இது: "உங்கள் வீட்டு வளவின் நான்கு பக்கங்களையும் பிள்ளையோடு சேர்ந்து அளந்து, படம் கீறிச் சுற்றளவைக் காணுங்கள்." யாழ்ப்பாணத்தில் ஒருவர் கையில் அளவு நாடாவைக் கொடுத்து வேலிக்கரையில் நிற்கச் சொல்வது என்ன வேலை என்று அவர் யோசிக்கவில்லை. தாளை வாசித்த நானும் யோசிக்கவில்லை.

வகுப்பில் இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்த வளவு. சனிக்கிழமை தெற்கு வளவுக்காரர் மகளோடு அளந்தார். காணி உறுதியை எடுத்துப் பார்த்தார். வடக்கு வேலிப் பக்கமாகக் காணி ஒரு முழம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வேலியில் இரண்டு கதியாலைப் பிடுங்கிவிட்டார். திங்கட்கிழமை முதலாம் மணி அடிக்க முன்னமே இரண்டு குடும்பமும் பாடசாலையில் நின்றது. இதில் வேடிக்கை, வடக்கு வளவுப் பிள்ளையும் நேர்மையாக அளந்து படம் கீறியிருந்தது. இரண்டு கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேலி எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று நில அளவையாளர் இல்லாமலே தெரிந்தது.

"படிப்பிக்கச் சொன்னால் படிப்பிக்க வேணும். எங்கடை காணியை அளக்கச் சொல்லி உவவுக்கு ஆர் அதிகாரம் குடுத்தது?" என்று வடக்கு வளவுக்காரர் சத்தம் போட்டார்.

"அளந்தது பிழையோ, வேலியை அரக்கினது பிழையோ?" என்று தெற்கு வளவுக்காரர் கேட்டார்.

இருவரையும் சமாதானப்படுத்தி வெளியே அனுப்ப எனக்கு இரண்டு பாடவேளை போனது. அதற்குள் வகுப்பில் நடந்த இன்னொன்று எனக்கு அப்போது தெரியாது. டிலானி என்று ஒரு பிள்ளை வெறும் கொப்பியைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறது. படமும் இல்லை, கணக்கும் இல்லை. ஏன் அளக்கவில்லை என்று ரீச்சர் கேட்டிருக்கிறார்.

"எங்கடை வளவு மயிலிட்டியிலை ரீச்சர். இன்னும் விடேல்லை."

மயிலிட்டியின் ஒரு பகுதிக் காணிகள் அப்போது இராணுவத்திடமிருந்து மக்களிடம் திரும்பி வந்திருக்கவில்லை. அந்தக் குடும்பம் மானிப்பாய்ப் பக்கம் இன்னொருவருடைய காணியின் மூலையில் ஒரு கொட்டில் போட்டு இருந்தது. பிள்ளை பிறந்ததிலிருந்து தன் வளவைக் கண்டதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமைத் தாளின் கடைசி வரி இப்படி இருந்தது: "சென்ற வாரம் வளவை அளக்கச் சொன்னது நான் யோசிக்காமல் செய்த வேலை. பிழை என்னுடையது." பிள்ளையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று ஏன் பிழை என்பதை அவர் எழுதவில்லை. ஊர் முழுக்க அதை வேலிக்கு எழுதியதாக வாசித்தது. நானும் அப்படித்தான் வாசித்தேன். டிலானியின் வீட்டில் மட்டும் அது சரியாக விளங்கியிருக்கிறது.

வடக்கு வளவுக்காரர் அந்தத் தாளைப் பிரதி எடுத்து, முறைப்பாட்டோடு சேர்த்து வலயக் கல்வி அலுவலகத்தில் கொடுத்தார். ஆசிரியர் குடும்பங்களுக்குள் சண்டை மூட்டுகிறார், தன் கைப்படப் பிழையை ஒப்புக்கொண்டும் இருக்கிறார், தாளை நிறுத்தி அவரை இடமாற்ற வேண்டும் என்பது முறைப்பாடு. விசாரணைக்கு அதிகாரி வரப்போவதாக அறிவித்தல் வந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தாளைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு கடிதம் எழுதினேன். அந்தக் கடைசி வரி பிரதி எடுக்கும்போது அச்சுப் பிழையால் வந்தது, வேறொரு வாரத்துக்கு எழுதியது தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று அழகான தமிழில் சோடித்து, ரீச்சரைக் காரியாலயத்துக்குக் கூப்பிட்டேன்.

"இதிலை ஒரு கையெழுத்துப் போடுங்கோ ரீச்சர். விசயம் முடிஞ்சுது."

அவர் ஆறுதலாக வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார். பிறகுதான் டிலானியின் வெறும் கொப்பியைப் பற்றி எனக்குச் சொன்னார்.

"அந்தப் பிள்ளை வகுப்புக்கு முன்னாலை நிண்டு வளவில்லை எண்டு சொல்ல வேண்டி வந்தது என்னாலை. அதுவும் அச்சுப் பிழையோ சேர்?"

"இடமாற்றம் வரும் ரீச்சர். வன்னிக்கும் தூக்கிப் போடுவினம். விளங்குதோ?"

"அங்கையும் ஆறாம் வகுப்பு இருக்கும்தானே" என்றார். கடிதத்தை மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு அன்று வந்த கோபம் இப்போதும் நினைவிருக்கிறது. ஒரு மனுசிக்கு இவ்வளவு பிடிவாதம் கூடாது என்று அதிபரிடம் போய்ப் புறுபுறுத்தேன்.

விசாரணைக்கு முந்திய நாள் ஆறாம் வகுப்புப் பக்கமாகப் போனபோது உள்ளே ஒரே சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். கரும்பலகைக்கு முன்னால் ஒரு மனிதர் இரண்டு கைகளையும் அகல நீட்டிக்கொண்டு நின்றார். வெயிலில் கறுத்து உரமேறிய கைகள். இரண்டு பிள்ளைகள் அளவு நாடாவை அவருடைய ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரை இழுத்துப் பிடித்திருந்தன. டிலானியின் தகப்பன். கடற்றொழிலாளி. அந்தப் பாடசாலைக்குள் அவர் காலடி வைத்தது அன்றுதான் முதல் தரம்.

"ரீச்சர் தன்ரை பிழை எண்டு எழுதினவ எண்டு மனுசி வாசிச்சுக் காட்டினவள் சேர்" என்று பிறகு எனக்குச் சொன்னார். "அவவிலை என்ன பிழை? எங்கடை வளவின்ரை நாலு பக்கமும் எனக்குப் பாடம். பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்காமல் விட்டது நானெல்லோ. அதுதான் வந்தனான்."

கைகளை நீட்டினால் வரும் அந்த அகலம் ஒரு பாகம். கயிறையும் வலையையும் அவர்கள் அப்படித்தான் அளப்பார்கள். கிணற்றுப் பக்கம் பதினெட்டுப் பாகம், ஒழுங்கைப் பக்கம் பன்னிரண்டு, மற்றப் பக்கங்கள் பதினெட்டும் பதின்மூன்றும் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, டிலானி கரும்பலகையில் படம் கீறினாள். ஒரு பாகம் ஒரு மீற்றர் எழுபத்தொரு சென்ரிமீற்றர் என்று நாடா காட்டியது. மொத்தம் அறுபத்தொரு பாகம். வகுப்பு முழுவதும் பெருக்கியது. நூற்று நான்கு மீற்றரும் சொச்சமும் என்று முதலில் கத்தியது தெற்கு வளவுக்காரரின் மகள். டிலானி தன் வளவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாசலில் நின்று கண்ணைத் துடைத்தேன். இதை எழுத எனக்கு வெட்கம் இல்லை.

அடுத்த நாள் அதிகாரி வந்தார். கண்டிப்பானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்கிறவர்.

"ஒரு ஆசிரியர் தன்ரை பிழையை எழுத்திலை குடுக்கலாமோ? நாளைக்கு எல்லாரும் வந்து கேள்வி கேட்டால்?"

"கேக்கட்டும் சேர். கேக்கத்தானே எழுதுறது" என்றார் ரீச்சர்.

எந்தப் பிழையைக் குறித்து எழுதினீர்கள் என்று அவர் கேட்டார். ரீச்சர் சொன்னார். டிலானியின் கொப்பியைக் காட்டினார். அதில் இப்போது வளவின் படம் இருந்தது. அதிகாரி கொப்பியை வாங்கி, படத்தின் நான்கு பக்கத்தையும் விரலால் கூட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிரதி அதிபர் என்ன சொல்லுறியள்?"

சட்டைப் பையில் அந்த அச்சுப் பிழைக் கடிதம் இருந்தது. "வரி நிக்கட்டும் சேர். வேணுமெண்டால் அதுக்குக் கீழை நானும் ஒப்பம் வைக்கிறன்" என்றேன். இதைத் தைரியம் என்று எண்ண வேண்டாம். முதல் நாள் அந்த வாசலில் நின்றவனுக்கு வேறு பதில் வாயில் வரவில்லை. அதிகாரி அதையே தீர்ப்பாக எழுதினார். பிரதி அதிபர் வாசித்து ஒப்பமிட்ட பிறகு வாராந்தத் தாளைத் தொடர்ந்து வழங்கலாம். இடமாற்றம் இல்லை. வேலி பிறகு எந்தப் பக்கம் போனது என்று எனக்குத் தெரியாது, நில அளவையாளர் வந்து போனதாகக் கேள்வி.

ஒப்பம் வைக்கிறேன் என்று சொன்ன அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு வேலை வைக்கும் என்று அப்போது தெரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இடைவேளைக்கும் ரீச்சர் தாளோடு என் மேசைக்கு வருவார். முதல் சில வாரம் நான் தேநீரைக் குடித்துக்கொண்டே வாசிக்காமல் கிறுக்கிக் கொடுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை நான் ஒப்பமிட்ட பிறகும் அவர் போகவில்லை.

"கடைசி வரியை ஒருக்காப் பாருங்கோ சேர். உப்பிடியே பிரதி எடுக்கவோ?"

பார்த்தேன். "இந்த வாரம் பிரதி அதிபர் இந்தத் தாளை வாசிக்காமல் ஒப்பமிட்டார்" என்று எழுதி, கீழே என் கையொப்பம். தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. அவர் சிரிக்காமல் அந்த வரி இல்லாத புதுத் தாளை நீட்டினார். அதன் பிறகு ஓய்வுபெறும்வரை ஒரு தாளைக்கூட நான் வாசிக்காமல் விட்டதில்லை.

பிறகு எல்லா வகுப்பும் வைபர் குழுவுக்கு மாறியது. இளம் ஆசிரியர்கள் அவரையும் மாறச் சொன்னார்கள். "போன் வீட்டிலை ஒருத்தற்றை கையிலைதான் இருக்கும். தாள் எண்டால் மேசையிலை கிடக்கும்" என்று மறுத்துவிட்டார். ஆனால் தாய்மார் அதைப் படம் பிடித்து, கட்டாரில் நிற்கும் தகப்பன்மாருக்கு அனுப்புவதை ஒருபோதும் தடுக்கவில்லை. விடுமுறையில் வந்த ஒரு தகப்பன் என்னைச் சந்தையில் மறித்து, இலை வெயிலில் உணவு தயாரிக்கும் ஒளித்தொகுப்பைப் பற்றி மகனிடம் கேட்டதாகவும், மகன் சொன்னது தனக்கு விளங்கவில்லை என்றும், நான் அதை எப்படிப் படிப்பித்தேன் என்றும் கேட்டார். மீன் பையோடு நின்று பத்து நிமிடம் விளக்கினேன். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

அரியாலையில் அவருடைய வீட்டில் பிரேதப் பெட்டி வைத்திருந்தபோது சனம் ஒழுங்கைவரை நின்றது. பழைய மாணவர்கள் வருவது வழக்கம்தான். ஆனால் அன்று வந்தவர்களில் அரைவாசிக்கு மேல் தாய்தகப்பன்மார். பக்கத்தில் நின்ற ஒரு தாயை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் என்னை அறிந்திருந்தார்.

"என்ரை மகள் இப்ப கம்பசிலை சேர்" என்றார். "அவள் ஆறாம் வகுப்பிலை என்ன படிச்சவள் எண்டு இப்பவும் ஒவ்வொண்டாச் சொல்லுவன். ஏழாம் வகுப்பிலையிருந்து ஒண்டும் தெரியாது."

அவர் குறையாகச் சொல்லவில்லை, ரீச்சரைப் புகழ்ந்துதான் சொன்னார். எனக்குத்தான் அது நெஞ்சில் இறங்கியது. ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் என் பொறுப்பில் இருந்தன. எல்லா வகுப்பும் இப்படி ஒரு தாள் எழுத வேண்டும் என்று நான் ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கலாம். ஒரு வகுப்பின் தாளைக் காப்பாற்றிய பெருமையில் மற்ற வகுப்புகளை மறந்துவிட்டேன். பிழை என்னுடையது. இதை வாசிக்கும் ஆசிரியர்களில் ஒருவராவது வரும் வெள்ளிக்கிழமை ஒரு அரைத்தாளை எடுத்தால் அது ரீச்சருக்குச் செய்யும் மரியாதை, எனக்குச் செய்யும் உதவி.

எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியிருப்பது ஒரு பெருமைதான். பிரதி அதிபராக இருந்த காலத்தில் எத்தனையோ ஆயிரம் தாள்களில் கையொப்பம் வைத்திருக்கிறேன். சுற்றறிக்கை, சான்றிதழ், விடுமுறைக் கடிதம், வரவுப் பதிவு என்று மேசையில் வந்ததெல்லாம். அவற்றில் ஒவ்வொரு சொல்லையும் வாசித்து, இது உண்மைதான் என்று நம்பி ஒப்பமிட்டவை யோகராணி ரீச்சருடைய தாள்கள் மட்டும்.